அப்பாவின் குண்டு பல்பும் பாஹா பாதையும்

அக்டோபர் 12, 2024, சனி – சான் கின்டின்

நேற்று ஆயுத பூஜை. அப்பா எங்கள் ஆர்.வி.க்கு, அதாவது வீடு மாதிரி படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வண்டிக்கு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மல்டிமீட்டருக்கும் கட்டிங் பிளேயருக்கும்கூட ஒரு பொட்டு வைத்தார். விஜயதசமியில் கிளம்பினால் நல்லது என்று நாள் குறித்ததும் அவர்தான். காலை ஆறு மணிக்கு சான் டியாகோவில் இருந்து புறப்பட்டு, தெகாதே வழியாக மெக்சிகோ எல்லை தாண்டினோம்.

அப்பா உடுமலைப்பேட்டையில் 32 வருஷம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். மூன்று மாதம் எங்களோடு இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறார். பாஹா கலிஃபோர்னியா என்பது மெக்சிகோவில் இருந்து நீளமாகத் தொங்கும் தீபகற்பம். அதன் உச்சியில் இருந்து அடி வரைக்கும் ஒரே நெடுஞ்சாலை, சுமார் 1,700 கிலோமீட்டர். 1973இல்தான் முழுசாகப் போட்டு முடித்தார்கள். போன வருஷம் போய் வந்த நண்பர்கள், "ரோட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க, பார்க்குல கரண்டைப் பத்திக் கவலைப்படுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பார்க் என்றால், ஆர்.வி.க்களை நிறுத்தி ராத்தங்கும் இடம்.

என்செனாடாவில் தெருவோரம் மீன் தாக்கோ சாப்பிட்டோம். ஒன்று 40 பெசோ, அதாவது இரண்டு டாலர். மாவில் தோய்த்துப் பொரித்த மீன், மேலே பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், எலுமிச்சை, பச்சை மிளகாய்ச் சாறு. அப்பா நாலு சாப்பிட்டார். அதற்கப்புறம் ஒரு ராணுவச் சோதனைச் சாவடி. பானெட்டில் இருந்த சந்தனத்தைக் காட்டி, என்ன இது என்று ஒரு பையன் கேட்டான். இருபது வயதுகூட இருக்காது. ஆசீர்வாதம் என்று என் வீட்டுக்காரர் அவருக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியில் சொன்னார். தொப்பியைத் தொட்டுத் தலையசைத்து வழிவிட்டான்.

சாயங்காலம் நாலரைக்கு சான் கின்டின். கடலைப் பார்த்த இடம், இரவுக்கு 450 பெசோ. மரக்கம்பத்தில் துருப்பிடித்த தகரப் பெட்டி ஒன்று. திறந்தால் உள்ளே வீட்டில் இருக்கிற மாதிரி சாதா 15 ஆம்பியர் சாக்கெட். எங்கள் வண்டியின் பிளக் 30 ஆம்பியர், அதனால் அடாப்டர் போட்டுத்தான் செருக வேண்டும். கரண்டுக்கும் வண்டிக்கும் நடுவில் காவலுக்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறோம், சர்ஜ் புரொடக்டர். வோல்டேஜ் 104க்குக் கீழே போனாலும் 132க்கு மேலே ஏறினாலும், எர்த் இல்லாவிட்டாலும், கம்பி மாறியிருந்தாலும் அது கரண்டை உள்ளே விடாது. இங்கே செருகியதும் எர்த் இல்லை என்று சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிட்டது.

அப்பா அதை நம்பவும் இல்லை, சந்தேகப்படவும் இல்லை. தன் பையைத் திறந்தார். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். டெஸ்ட் லேம்ப். ஊரில் ஒயர்மேன் ஒவ்வொருவரிடமும் இருக்கும். அவர் கொண்டு வந்த பல்பு 230 வோல்ட்டுக்கானது, இங்கே மங்கலாகத்தான் எரியும். அதனால் சான் டியாகோவில் கடை கடையாக ஏறி, சமையலறை ஓவனுக்குள் போடும் 40 வாட் பல்பை வாங்கி மாட்டியிருந்தார். ஒரு ஒயரை ஃபேஸிலும் இன்னொன்றை நியூட்ரலிலும் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. நியூட்ரலில் இருந்ததை எடுத்து எர்த் ஓட்டையில் வைத்தார். இருட்டு.

"ஓட்டை மட்டும் இருக்குதுங் கண்ணு. பின்னால ஒயரே இல்லை."

வெளியே ஒரு கம்பியை மண்ணில் அடித்து எர்த் கொடுத்துவிடலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நானும் அதைத்தான் நினைத்தேன். அப்பா வேண்டவே வேண்டாம் என்றார். "மாப்ள, கம்பிய மண்ணுல குத்திப்புட்டா எர்த் ஆயிராது. ஆளுயரம் குழி வெட்டி, கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டே பல எடத்துல பத்தாது." அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். குத்திய கம்பிக்கு 25 ஓம் தடை என்று வைத்தால், 120 வோல்ட்டுக்கு 5 ஆம்பியர்கூட ஓடாது. 15 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, விழாது. வண்டிக்குள் எங்கோ ஒரு ஒயர் உரசினால் வண்டியின் உடம்பு முழுக்கக் கரண்ட் நிற்கும். ஈரக் காலோடு படியில் ஏறுபவர் கதி அவ்வளவுதான்.

பார்க் அம்மாவிடம் "தியெர்ரா?" என்று கேட்டேன். அவர்கள் மொழியிலும் மண்ணுக்கும் எர்த்துக்கும் ஒரே சொல். அவர் வந்து பெட்டியைப் பார்த்தார், புரிந்துகொண்டார், உதட்டைப் பிதுக்கினார். கரண்ட் எடுக்கவில்லை என்றதும், நாங்கள் கேட்காமலேயே 100 பெசோவைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு கிண்ணம் வேகவைத்த சிப்பியும் வந்தது. ஃப்ரிட்ஜைக் கேஸுக்கு மாற்றிவிட்டு, பேட்டரி விளக்கில் படுத்தோம்.

அக்டோபர் 13, ஞாயிறு – கத்தாவின்யா

எல் ரொசாரியோவில் டேங்கை நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் நம்பி நிற்க பங்க் கிடையாது. கத்தாவின்யாவில் ரோட்டோரம் பேரலில் வைத்து பெட்ரோல் விற்கிறார்கள், விலை கொஞ்சம் கூட. சாலை ஒடுக்கம், ஓரம் என்பதே இல்லை. எதிரே லாரி வந்தால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் போகும் லாரிக்காரர் இடது இண்டிகேட்டர் போட்டால், தாண்டிப் போகலாம் என்று அர்த்தம். நம்மூரில் டிரைவர் கையை வெளியே நீட்டி ஆட்டுவாரே, அதேதான்.

வீடு வீடாகப் பாறைகள். நடுவில் கார்தோன் கள்ளி, அப்புறம் தலைகீழாக நட்ட கேரட் மாதிரி சிரியோ மரம். கரண்ட் கிடையாது, அதனால் கவலையும் கிடையாது. சூரியன் விழுந்து முக்கால் மணி நேரத்தில் மேற்கே ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தது. இரண்டு நாளாக எல்லோரும் பேசிக்கொண்டிருந்த அதே வால்நட்சத்திரம். வெறும் கண்ணுக்கே வால் நீளமாகத் தெரிந்தது. அப்பா அது மறையும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அக்டோபர் 14, திங்கள் – கெர்ரெரோ நேக்ரோ

28ஆவது அட்சரேகையில் மாநில எல்லை. அங்கே வண்டியின் அடியில் பூச்சிமருந்து அடித்து, பழங்களைச் சோதிக்கிறார்கள். எலுமிச்சையோடு என் கறிவேப்பிலையும் போயிற்று. அந்தப் பெண் அதை முகர்ந்து பார்த்துச் சிரித்தார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி தோளைத் தட்டிவிட்டு எடுத்துக்கொண்டார். எலுமிச்சைச் செடிக்கு வரும் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும், அவர் செய்ததுதான் சரி. தாளிப்பு மட்டும் அன்றிலிருந்து வெறும் கடுகு.

இது உப்பு ஊர். உலகின் மிகப் பெரிய உப்பளங்களில் ஒன்று இங்கேதான். தூத்துக்குடிப் பக்கம் பார்த்த அதே பாத்திகள், ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை. பார்க்கில் முதல்முறையாக ஒரு 30 ஆம்பியர் சாக்கெட். செருகினோம், பச்சை விளக்கு, 124 வோல்ட், எர்த் இருக்கிறது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஏ.சி. போடப் போனேன்.

"இரு கண்ணு. சும்மா நிக்கற வோல்டேஜ நம்பாத. வேலை குடுத்துப் பாரு."

கெட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போடச் சொன்னார். 1,500 வாட் கெட்டில், பன்னிரண்டரை ஆம்பியர் இழுக்கும். சுவிட்சைத் தட்டியதும் 124 என்றிருந்த எண் 99 ஆனது. ஐந்தாறு விநாடியில் 'டக்'கென்று காவல் பெட்டி அறுத்துவிட்டது. கெட்டிலை நிறுத்தினால் மறுபடியும் 124. மல்டிமீட்டர் எதுவுமே இழுக்காமல் அளப்பதால், லூஸ் கனெக்‌ஷன் அதற்குத் தெரியாது. தண்ணீர் வரும் வேகம் தெரியாமல் குழாயில் விரலை வைத்து அடைத்து, அழுத்தத்தை மட்டும் பார்ப்பது மாதிரி. காணாமல் போன அந்த 25 வோல்ட், வழியில் எங்கோ சூடாக மாறுகிறது. எங்கே என்பதுதான் கேள்வி.

அப்பா பிளக்கைப் பிடுங்கி மூன்று முள்ளையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். ஒன்று மட்டும் சுட்டது. முள்ளின் ஓரத்தில் கருநீலமாக ஒரு வளையம், பேக்கலைட் கருகின லேசான வாசம். அவ்வளவு சின்ன அடையாளம்தான். பார்க்காமல் ஏ.சி. போட்டிருந்தால் இரவு அந்த இடம் உருகியிருக்கும்.

பார்க்கைப் பார்த்துக்கொள்ளும் ஐயா எழுபதை நெருங்கியவர். அப்பா கருகின முள்ளை அவரிடம் காட்டினார். இவர் கொங்குத் தமிழ், அவர் ஸ்பானியம். கையாலேயே பேசி முடித்தார்கள். ஐயா போய் மெயின் பிரேக்கரை இறக்கிவிட்டு வந்தார். அப்பா அப்போதும் விடவில்லை, டெஸ்ட் லேம்பை வைத்து எரியவில்லை என்று பார்த்த பிறகுதான் பெட்டியில் கை வைத்தார். உள்ளே திருகு இரண்டு சுற்று தளர்ந்து கிடந்தது, உப்புக் காற்றில் ஒயர் முனை பச்சை பூத்திருந்தது. முனையை வெட்டி, புதுச் செம்பு தெரிய உரித்து, முறுக்கி, திருகை முடுக்கினார். மறுபடி கெட்டில். 113. மீதி இழப்பு, ஆபீஸில் இருந்து வரும் ஒல்லிக் கம்பியில். அதை மாற்றுவது எங்கள் வேலை இல்லை.

அந்த ஐயா அடுத்த கம்பத்தையும் காட்டினார். பிறகு அதற்கடுத்ததையும். இருட்டும்வரை இரண்டு பேரும் ஐந்து கம்பம் முடித்தார்கள். ராத்திரி அவர் வீட்டில் இருந்து துணியில் சுற்றிய சூடான சோளத் தோர்த்தியாவும் மொச்சை மாதிரி மசித்த பருப்பும் வந்தது. வாடகைப் பணத்தை வாங்க மறுத்தார். அப்பா அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் மாறி மாறி அந்த 500 பெசோவைத் திணித்துக்கொண்டிருந்ததைப் பார்க்க, ஏதோ நம்ம சொந்தக்காரர் வீட்டு வாசல் மாதிரி இருந்தது.

அக்டோபர் 15, செவ்வாய் – சான் இக்னாசியோ

பாலைவனத்தில் திடீரென்று பேரீச்சந்தோப்பு. ஏசு சபைப் பாதிரிமார்கள் நட்டு வளர்த்த மரங்களின் வழி வந்தவை. 1728இல் தொடங்கிய மிஷனின் கல்கோயில் சதுக்கத்தை ஒட்டி நிற்கிறது. சதுக்கத்தில் ராட்சத நிழல் மரங்கள். பெயர் கேட்டால் "லாரெல் தெ லா இந்தியா" என்றார்கள், இந்திய லாரெல். அப்பா ஒரு இலையைக் கிள்ளி, பால் வடிவதைப் பார்த்து, "நம்ம இச்சி மரமாட்டத்தான் இருக்குது" என்றார். அதன் அடியில் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வருகிறவர் போகிறவர் எல்லோரும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். பேரீச்சம்பழம் ஒரு பை 60 பெசோ, வாயில் போட்டால் கரைகிறது.

அதிகாலை நாலு மணிக்கு 'டக்' சத்தத்தில் விழித்தேன். இந்தத் தடவை 133. மெக்சிகோவில் வீட்டுக் கரண்டே 127 வோல்ட்தான், அமெரிக்காவை விட ஒரு படி மேலே. ஊர் தூங்கி, இழுப்பு குறைந்ததும் அது இன்னும் ஏறுகிறது. "நம்மூர்ல பம்பு செட் எல்லாம் நின்ன ராத்திரில 260 ஓடும் கண்ணு, பல்பு பட்டு பட்டுன்னு போகும்" என்றார் அப்பா, போர்வைக்குள் இருந்தபடியே. வோல்டேஜ் குறைவுக்குத் தயாராக வந்த நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. விடியும்வரை பிளக்கைப் பிடுங்கி வைத்தோம்.

அக்டோபர் 16, புதன் – முலேஹே

வழியில் சாந்தா ரொசாலியா. பிரெஞ்சுக் கம்பெனி செம்புச் சுரங்கத்துக்காகக் கட்டிய ஊர். மர வீடுகள், இரும்புத் தகட்டில் ஒரு தேவாலயம். ஈஃபில் கோபுரத்து ஈஃபில் வடிவமைத்தது என்று ஊரில் சொல்கிறார்கள். ரொட்டி வாங்கிக்கொண்டு நிற்காமல் கிளம்பிவிட்டோம், அவ்வளவு வெயில்.

முலேஹேயில் ஆற்றங்கரையில் பார்க். 35 டிகிரி, காற்றே இல்லை. மத்தியானம் செருகியபோது கெட்டில் போட்டும் 115 நின்றது. சரி என்று ஏ.சி.யை ஓடவிட்டோம். ஆறரைக்கு இருட்டியது, ஊரில் எல்லோரும் வீடு திரும்பினார்கள், எண் இறங்க ஆரம்பித்தது. 111. 108. அந்த நேரம் நான் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸியின் சத்தம் மாறியது. 'ஙீ' என்று போக வேண்டியது 'ஙூ' என்று அடித்தொண்டையில் முனகியது. வெளியே நாற்காலியில் இருந்த அப்பா அங்கிருந்தே, "மிக்ஸிய நிறுத்து, ஏ.சி.யவும் நிறுத்து" என்று குரல் கொடுத்தார். மீட்டரைப் பார்த்தேன், 105. காதால் அளந்திருக்கிறார்.

பம்பு மாதிரி மோட்டாருக்கு லோ வோல்டேஜ் ஆகாது. வோல்டேஜ் குறைந்தால் வேலையைக் குறைத்துக்கொள்ளாது, ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். அந்தச் சூட்டில் காயிலின் வார்னிஷ் வேகும். ஏ.சி. கம்ப்ரசர் அதிலும் மோசம், நின்று மறுபடி கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். வோல்டேஜ் இல்லாவிட்டால் சுற்றாமல் உறுமிக்கொண்டே நின்று கருகும். "எம் பட்டறை ஓடுனதே லோ வோல்டேஜால தான்" என்றார். கோடையில் ஒரு நாளைக்கு ஆறேழு பம்பு மோட்டார் வருமாம். அழுதுகொண்டே தூக்கி வந்த விவசாயிகளையும் அவர் பார்த்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது.

பக்கத்து வண்டியில் கனடாவைச் சேர்ந்த ஒரு வயதான தம்பதி. அவர்களிடம் வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்கும் ஆட்டோஃபார்மர் பெட்டி இருந்தது, எங்களையும் ஒன்று வாங்கச் சொன்னார்கள். 105 வந்தால் 115 ஆக்கித் தரும். ஆனால் அந்தப் பத்து வோல்ட் சும்மா வருவதில்லை, அதே ஒல்லிக் கம்பியில் இருந்து அதிக ஆம்பியராக உறிஞ்சப்படுகிறது. வரிசையில் கடைசியில் நிற்பவருக்கு இன்னும் குறையும். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாக ஸ்டெபிலைசர் வாங்கிய வருஷம், வாங்காத பாட்டி வீட்டில் ட்யூப் லைட் எரியாமலே போனது எனக்கு நினைவுக்கு வந்தது. அவர்களிடம் அதைச் சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். ஒன்பது மணிக்குப் பார்த்தால் அவர்கள் ஏ.சி.யும் ஓடவில்லை, இரண்டு பேரும் வெளியே உட்கார்ந்து ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சட்னியில் ஒரு கிண்ணம் கொடுத்தேன். பாதி அரைபட்டதுதான், தோசைக்கு நன்றாகவே இருந்தது.

அப்பா ஒரு வழி சொன்னார். காலை பத்தில் இருந்து சாயங்காலம் ஐந்துவரை ஏ.சி., அப்போது ஊர் இழுப்பது குறைவு. ஜன்னல்களுக்கு அலுமினியத் தகடு ஒட்டி, குளிரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்வது. ஐந்துக்கு மேல் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் ஃபேன் மட்டும். பேட்டரியை நிரப்ப அதிகாலை. பம்பு செட்டுக்கு முறை வைத்துக் கரண்ட் விட்ட காலத்தில் தோட்டத்தில் எப்படி வாழ்ந்தோமோ, அப்படியே.

அக்டோபர் 17, 18 – பாஹியா கொன்செப்சியோன்

இரண்டு நாளும் கடற்கரையிலேயே. கம்பம் இல்லை, பெட்டி இல்லை. பனையோலைக் குடிசை நிழலோடு இரவுக்கு 250 பெசோ. கூரையில் இருக்கும் 200 வாட் சோலார் பேனல் ஃபேனுக்கும் விளக்குக்கும் போனுக்கும் தாராளம். காலையில் ஒருவர் வண்டியில் தமாலே என்கிற சோளமாவுப் பண்டம் கொண்டு வந்தார், இன்னொருவர் காய்கறி, மூன்றாமவர் தண்ணீர். பௌர்ணமி நிலா, வளைகுடா முழுக்கப் பால் மாதிரி. இரண்டு நாளும் மீட்டரையே பார்க்கவில்லை. நன்றாகத் தூங்கினோம்.

அக்டோபர் 19, சனி – லொரேத்தோ

பாஹாவின் வட மாநிலத்து மின்தொகுப்பு எல்லை தாண்டி அமெரிக்கக் கலிஃபோர்னியாவோடு இணைந்தது. தென் மாநிலம் அதோடும் சேரவில்லை, மெக்சிகோவின் பெரிய தொகுப்போடும் சேரவில்லை. தன் சொந்த மின் நிலையங்களை வைத்துத் தனித்தே நிற்கிறது. லொரேத்தோ 1697இல் மிஷன் வந்த ஊர், கல் பாவிய தெருக்கள், அழகான கடற்கரை நடைபாதை. பார்க்கும் நல்ல பார்க். 30 ஆம்பியர், எர்த், கெட்டிலோடு 118. அப்பா திருப்தியாகத் தலையாட்டினார்.

ராத்திரி எட்டேகாலுக்கு எல்லாம் அணைந்தது. பார்க் மட்டும் இல்லை, தெரு, சதுக்கம், கோயில், முழு ஊரும். யாரோ இருட்டில், "ஸே ஃபூயே லா லூஸ்" என்றார்கள். 'வெளிச்சம் போய்விட்டது' என்பது நேர்ப் பொருள். கரண்ட் போயிருச்சு என்று நாம் சொல்வதேதான்.

அப்பா முதலில் செய்தது, எழுந்து போய் வண்டியின் மெயினை இறக்கிப் பிளக்கைப் பிடுங்கியதுதான். அப்புறம் நாற்காலிகளைத் தெருப்பக்கம் போட்டோம். எதிர் வீட்டில் இருந்து ஒரு குடும்பம் பாய் மாதிரி எதையோ விரித்து உட்கார்ந்தது. ஒரு பாட்டி அட்டையால் பேரனுக்கு விசிறினார். எங்களைப் பார்த்து, அறுத்த பப்பாளியில் எலுமிச்சையும் மிளகாய்ப் பொடியும் தூவி ஒரு தட்டு அனுப்பினார். எலுமிச்சை என் கைக்கு வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அப்பா அந்தப் பையனுக்கு டெஸ்ட் லேம்பைக் காட்டி, இது என்ன, எப்படி எரியும் என்று தமிழிலேயே விளக்கிக்கொண்டிருந்தார். பையன் பல்பை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான்.

ஒரு மணி நேரம் கழித்து வெளிச்சம் வந்தது. தெரு முழுக்கப் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ஊரில் இருக்கிற அத்தனை ஏ.சி.யும் ஒரே நேரத்தில் கிளம்பியது, பார்க் வாசல் விளக்கு மங்கி, நடுங்கி, மறுபடி ஏறியது. நான் பிளக்கை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"இப்ப வேண்டாங் கண்ணு," என்றார் அப்பா. "அவங்க எல்லாம் முதல்ல போட்டுக்கட்டும்."

பாட்டி இன்னொரு துண்டு பப்பாளி நீட்டினார். வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.